மொட்டை மாடியில ஒரு அமெரிக்க காங்கிரஸ்: புள்ளைங்களை வெச்சு நடத்துறது எப்படி

காங்கிரஸ்னு சொன்ன உடனே நம்ம புள்ளைங்க கை சின்னத்தைத்தான் நினைப்பாங்க, அதனால முதல் வேலையா அதை சரி பண்ணிடுங்க. தண்டையார்பேட்டையில ஒரு கேரம் கிளப்புக்கு மேல, மொட்டை மாடியில ஷீட் போட்ட கொட்டகையில நான் ஞாயித்துக்கிழமை டியூஷன் எடுக்கிறேன், அங்க போர்டுல அமெரிக்க காங்கிரஸ்னு எழுதினதுமே ஒருத்தன் "இன்னாண்ணா, அங்கயும் அந்தக் கட்சி கீதா?"ன்னு கேட்டான். கட்சி இல்லடா, நம்ம பார்லிமென்ட் மாதிரி அவங்க சட்டம் போடுற இடத்துக்கே பேரு காங்கிரஸ், அதுல ரெண்டு சபை, பிரதிநிதிகள் சபைன்னு ஒண்ணு செனட்னு ஒண்ணுன்னு சொல்லிட்டு ஆரம்பிச்சோம்.

இது ஏன் ஆரம்பிச்சதுன்னும் சொல்லிடுறேன். 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தப்போ எண்ணூர் முகத்துவாரத்துல எண்ணெய் படிஞ்சது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், மீன்பிடிக்கிற ஜனங்க பக்கெட்டாலயும் மக்காலயும் எண்ணெயை அள்ளினாங்க, கூழைக்கடா எல்லாம் கருப்பாகி உக்காந்திருந்துச்சு. என் கிளாஸ்ல எண்ணூர் பக்கத்துலேர்ந்து வர்ற பையன் ஒருத்தன், அவங்க அப்பா படகும் வலையும் அதுல போச்சு, "ஆத்துல கழிவு விடக்கூடாதுன்னு சட்டமே கிடையாதாண்ணா"ன்னு கேட்டான். நம்ம ஊர்ல 1974லயே சட்டம் இருக்குடான்னு சொன்னேன், அப்புறம் அமெரிக்காவுல ஒஹையோ மாநிலத்துல கிளீவ்லேண்ட் ஊர்ல கயஹோகா ஆறு 1969 ஜூன்ல தீப்பிடிச்ச கதையையும், 1972ல பிரசிடென்ட் நிக்சன் வேணாம்னு திருப்பி அனுப்பின தண்ணீர் சட்டத்தை காங்கிரஸ் எப்படி அவரை மீறி நிறைவேத்துச்சுங்கிற கதையையும் சொன்னேன். பிரசிடென்ட்டையே மீற முடியுமான்னு அன்னிக்கு பூரா அதே பேச்சு. சரி நடத்தியே பாத்துடலாம்னு முடிவு பண்ணோம். இப்போ மூணு தடவை நடத்தியாச்சு, உங்க ஏரியாவுல ஸ்கூல்லயோ லைப்ரரியிலயோ டியூஷன்லயோ நடத்தணும்னா எப்படின்னு எழுதுறேன்.

25 பேர் இருந்தா கரெக்ட்டா வரும். பிரதிநிதிகள் சபைக்கு 13 பேர், செனட்டுக்கு 6 பேர், ஒரு பிரசிடென்ட், ஒரு வைஸ் பிரசிடென்ட், மூணு அமைச்சருங்க, மிச்சம் ஒருத்தர் சபாநாயகர் பக்கத்துல உக்காந்து ரூல் புக் பாத்து சொல்றவர், அங்க அவருக்கு பார்லிமென்டேரியன்னு பேரு, உங்க கிளாஸ்லயே எதுக்கெடுத்தாலும் அது அப்படி இல்லன்னு திருத்துற புள்ளை ஒண்ணு இருக்கும், அதுக்கு இந்த வேலையைக் குடுங்க. மூணு மாநிலம் போதும். கலிஃபோர்னியாவுக்கு 8 பிரதிநிதி, ஒஹையோவுக்கு 4, வயோமிங்குக்கு 1. ஆனா செனட்ல மூணுக்கும் தலா ரெண்டு. நிஜத்துலயும் இப்படித்தான், மொத்தம் 435 பிரதிநிதிங்கள்ல கலிஃபோர்னியாவுக்கு 52, ஒஹையோவுக்கு 15, வயோமிங்குக்கு ஒண்ணே ஒண்ணு, செனட்ல மட்டும் 50 மாநிலத்துக்கும் ஆளுக்கு ரெண்டுன்னு 100 பேர். எட்டு பேர் உக்காந்திருக்கிற கலிஃபோர்னியா பெஞ்சையும் ஒத்தையா உக்காந்திருக்கிற வயோமிங் பொண்ணையும் கண்ணால பாத்தா இது நியாயமா இல்லையான்னு புள்ளைங்களே சண்டை போடுவாங்க, விட்டுடுங்க, அந்த சண்டை 1787லயே நடந்தது, அதோட சமாதானம்தான் இந்த ரெண்டு சபை.

உக்கார வைக்கிறதுல தப்பு பண்ணிடாதீங்க, முதல் தடவை நான் பண்ண தப்பே அதுதான். அமைச்சருங்களை சபைக்குள்ளயே முன் வரிசையில உக்கார வெச்சேன், நம்ம சட்டசபை அப்படித்தானே, பத்து நிமிஷத்துல அது நம்ம சட்டசபையாவே ஆயிடுச்சு, அமைச்சர் எழுந்து பதில் சொல்றதும் மேசையைத் தட்டுறதுமா போச்சு. ரெண்டாவது தடவை மாடியோட ஒரு மூலையில கயிறு கட்டி பிரசிடென்ட்டையும் அமைச்சருங்களையும் அந்தப் பக்கம் உக்கார வெச்சேன். கயிறைத் தாண்டி அவங்க சபைக்கு வரவே கூடாது, கமிட்டி கூப்பிட்டா மட்டும் வரலாம். இந்தக் கயிறுதான் முழு ஆட்டமும், மத்த ரூல் எல்லாம் இதுலேர்ந்துதான் வருது.

இதைப் புரிய வைக்க நம்ம தொகுதி கதையே போதும். 2015 மே மாசம் ஜெயலலிதா திரும்ப முதலமைச்சர் ஆனப்போ அவங்க எம்எல்ஏ கிடையாது, ஆறு மாசத்துக்குள்ள எம்எல்ஏ ஆகியே தீரணும்ங்கிறது நம்ம அரசியல் சட்டம், அதுக்காக ஆர்.கே.நகர் எம்எல்ஏ வெற்றிவேல் ராஜினாமா பண்ணாரு, ஜூன்ல இடைத்தேர்தல், அவங்க ஜெயிச்சாங்க. புள்ளைங்க வீட்ல எல்லாருக்கும் இந்தக் கதை தெரியும். இப்போ அதை அப்படியே தலைகீழா திருப்பிக்கோங்க, அதுதான் அமெரிக்கா. நம்ம ஊர்ல அமைச்சர் ஆகணும்னா சபையில இருக்கணும், அங்க அமைச்சர் ஆகணும்னா சபையை விட்டுப் போகணும். அவங்க அரசியல் சட்டம் முதல் பிரிவு ஆறாவது பகுதியில எழுதியே இருக்கு, அரசாங்கப் பதவியில இருக்கிறவர் காங்கிரஸ் உறுப்பினரா இருக்க முடியாது. ஹிலாரி கிளிண்டன் நியூயார்க் செனட்டரா இருந்தாங்க, 2009ல வெளியுறவு அமைச்சர் ஆனப்போ செனட்டை விட்டாங்க. மார்கோ ரூபியோ ஃப்ளோரிடா செனட்டர், 2025 ஜனவரி 20 அன்னிக்கு 99க்கு 0ன்னு செனட் அவரை ஓகே பண்ணுச்சு, அவரும் அப்படியே சீட்டைக் காலி பண்ணிட்டுத்தான் அந்தப் பக்கம் போனாரு. உங்க பிரசிடென்ட்டையும் செனட்ல இருக்கிற ஒரு புள்ளையை அமைச்சரா எடுக்கச் சொல்லுங்க, அந்தப் புள்ளை பேட்ஜைக் கழட்டி வெச்சுட்டு கயிறைத் தாண்டட்டும், அந்த சீட் காலியாத் தெரியட்டும். பெரும்பாலான மாநிலத்துல செனட் சீட் காலியானா கவர்னர் தற்காலிகமா ஒருத்தரைப் போடலாம், பிரதிநிதிகள் சபை சீட் காலியானா தேர்தல் மட்டும்தான், வேற வழி கிடையாது.

இதோட ஒட்டின இன்னொரு ரூல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு பதவிக்கு சம்பளத்தை ஏத்தி ஓட்டு போட்டுட்டு அதே பதவியில தானே போய் உக்காந்துக்கிறதைத் தடுக்க, ஒரு உறுப்பினரோட பதவிக்காலத்துக்குள்ள சம்பளம் ஏறின பதவிக்கு அந்தக் காலம் முடியிற வரைக்கும் அவரை நியமிக்கக் கூடாதுன்னு இருக்கு. 1973ல நிக்சன் ஒஹையோ செனட்டர் வில்லியம் சாக்ஸ்பியை அட்டர்னி ஜெனரல், அதாவது நீதி அமைச்சர் ஆக்கணும்னு நினைச்சாரு, ஆனா அவர் செனட்ல இருந்தப்போதான் அந்தப் பதவிக்கு 35,000 டாலர்லேர்ந்து 60,000க்கு ஏத்தியிருந்தாங்க. என்ன பண்ணாங்கன்னா, சம்பளத்தை மறுபடி 35,000க்கே இறக்கி ஒரு சட்டம் போட்டு அப்புறம் நியமிச்சாங்க. ஹிலாரிக்கும் இதே மாதிரி இறக்கினாங்க. இது ரூலுக்கு உண்மையா இருக்கிறதா இல்ல சுத்தி வளைச்சுப் போறதான்னு புள்ளைங்களையே பேச விடுங்க, எனக்கு இது சரின்னு படலை, ஆனா என் கிளாஸ்ல பாதிப் பேருக்கு மேல சரிதான்னு சொன்னாங்க.

அடுத்தது வார்த்தைங்க. நம்ம ஊர்ல செயலாளர்னா கோட்டையில இருக்கிற ஐஏஎஸ் அதிகாரி, அங்க செக்ரட்டரின்னா அமைச்சரே. செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்னு கேட்டா மாநிலச் செயலாளர்னு எழுதிடுவாங்க, அது வெளியுறவு அமைச்சர். இன்டீரியர்னா உள்துறைன்னு நினைச்சுடாதீங்க, போலீஸ் அவர்கிட்ட இல்ல, நேஷனல் பார்க், அரசாங்க நிலம், பூர்வகுடி மக்கள் விவகாரம் இதெல்லாம் பாக்கிற துறை. நம்ம உள்துறைக்குக் கொஞ்சம் கிட்ட வர்றது 2002ல சட்டம் போட்டு உண்டாக்கின ஹோம்லேண்ட் செக்யூரிட்டி. அட்டர்னி ஜெனரல் நம்ம ஊர்ல மாதிரி கோர்ட்ல அரசாங்கத்துக்கு வாதாடுற வக்கீல் மட்டும் இல்ல, நீதித்துறைக்கு அமைச்சரும் அவர்தான். மொத்தம் 15 துறை, அது போக வைஸ் பிரசிடென்ட், அதுக்கு மேல பிரசிடென்ட் விருப்பப்பட்டா இன்னும் சில பேருக்கு கேபினெட் அந்தஸ்து குடுக்கலாம், சுற்றுச்சூழல் ஏஜென்சி தலைவருக்கு பல பேர் அப்படிக் குடுத்திருக்காங்க. சபாநாயகரும் நம்ம ஊர் மாதிரி நடுநிலையா உக்காந்திருக்கிறவர் இல்ல, அவர் தன் கட்சியோட தலைவர், எந்த மசோதா எப்போ வரும்னு தீர்மானிக்கிறவர். 2023 ஜனவரியில கெவின் மெக்கார்த்தி சபாநாயகர் ஆகுறதுக்கு 15 ரவுண்டு ஓட்டு போட வேண்டி வந்தது, அதே அக்டோபர்ல 216க்கு 210ன்னு சபையே அவரை இறக்கிடுச்சு. உங்க 13 பேரும் முதல் வேலையா சபாநாயகரைத் தேர்ந்தெடுக்கணும், பாதிக்கு மேல ஒருத்தருக்கு வர்ற வரைக்கும் திரும்பத் திரும்ப ஓட்டு, எங்களுக்கு நாலு ரவுண்டு ஆச்சு.

வயசு ரூலை கிளாஸா மாத்திக்கோங்க. நிஜத்துல பிரதிநிதிக்கு 25 வயசு, 7 வருஷம் குடிமகனா இருந்திருக்கணும், செனட்டருக்கு 30 வயசு 9 வருஷம், பிரசிடென்ட்டுக்கு 35 வயசு, அதோட பிறப்பாலேயே குடிமகனா இருக்கணும், 14 வருஷம் அங்க வாழ்ந்திருக்கணும். நான் ஏழாம் கிளாஸ்லேர்ந்து பிரதிநிதி, ஒன்பதாம் கிளாஸ்லேர்ந்து செனட், பதினொண்ணுலேர்ந்து பிரசிடென்ட்னு வெச்சேன். பிரதிநிதிக்கு ரெண்டு வருஷம்தான் பதவி, செனட்டருக்கு ஆறு. அமைச்சருக்கு மட்டும் அரசியல் சட்டத்துல வயசும் இல்ல, பொறந்த இடமும் இல்ல. பிரமிளா ஜெயபால் 1965ல நம்ம சென்னையில பொறந்தவங்க, பிரதிநிதிகள் சபை உறுப்பினர், அவங்க பிரசிடென்ட் ஆக முடியாது, ஆனா அமைச்சர் ஆகத் தடை இல்ல. மேடலின் ஆல்பிரைட் பிராக் நகரத்துல பொறந்து 1997ல வெளியுறவு அமைச்சர் ஆனாங்க, பிரசிடென்ட் பதவி காலியானா யார் வரணும்ங்கிற வரிசையில வைஸ் பிரசிடென்ட், சபாநாயகர், செனட்டோட இடைக்காலத் தலைவர்னு போய் நாலாவது வர்றது வெளியுறவு அமைச்சர்தான், ஆனா இவங்களைத் தாண்டித்தான் வரிசை போகும்.

இப்போ அமைச்சர் நியமனம். பிரசிடென்ட் பேரைச் சொன்னா மட்டும் போதாது, செனட் ஒத்துக்கணும். ஆறு செனட்டருங்களையும் ஒரு பக்கம் வரிசையா உக்கார வெச்சு, எதிர்ல ஒரு சின்ன மேசை போட்டு அமைச்சர் ஆகப் போற புள்ளையைத் தனியா உக்கார வைங்க, சத்தியம் வாங்கிக்கிட்டு கேள்வி கேளுங்க. கேள்விங்களை முந்தின வாரமே வீட்டுப்பாடமா குடுத்துடணும், இல்லன்னா உனக்குப் பிடிச்ச நடிகர் யாருன்னு கேட்டுக்கிட்டு இருப்பாங்க. சாதாரணப் பெரும்பான்மை போதும். 1989ல ஜான் டவர்ங்கிறவரைப் பாதுகாப்பு அமைச்சராப் போட்டப்போ, அவர் முன்னாடி அதே செனட்ல பல வருஷம் இருந்தவர், ஆனாலும் 47க்கு 53ன்னு செனட் அவரை நிராகரிச்சுடுச்சு. மூணுக்கு மூணுன்னு வந்தா வைஸ் பிரசிடென்ட் ஓட்டு போடுவாரு, செனட்டுக்குத் தலைவர் அவர்தான், ஆனா சமமா வந்தா மட்டும்தான் ஓட்டு. 2017ல கல்வி அமைச்சர் பெட்ஸி டிவோஸ் 51க்கு 50ன்னு அப்படித்தான் வந்தாங்க, அமைச்சர் நியமனத்துல அது முதல் தடவை. இந்த மாதிரி முடிச்சை அவிழ்க்கிற ஓட்டுல ரெக்கார்டு கமலா ஹாரிஸ் கிட்ட இருக்கு, 33 தடவை, 1800கள்ல ஜான் கல்ஹவுன் போட்ட 31ஐத் தாண்டினாங்க. அவங்க அம்மா இந்த ஊர்ல பொறந்தவங்கன்னு சொன்னப்போ வைஸ் பிரசிடென்ட்டா இருந்த பொண்ணு நிமிர்ந்து உக்காந்ததைப் பாக்கணும்.

மசோதாவுக்கு வருவோம், இதுதான் நேரம் பிடிக்கிற வேலை. சபாநாயகர் மேசை பக்கத்துல ஒரு பிஸ்கட் டப்பா வைங்க. நிஜத்துலயும் ஒரு மரப்பெட்டி இருக்கு, ஹாப்பர்னு பேரு, எந்த உறுப்பினரும் மசோதாவை எழுதி அதுல போடலாம். உறுப்பினர் மட்டும்தான் போடலாம், அதை அழுத்திச் சொல்லுங்க. நம்ம ஊர்ல முக்கியமான மசோதா எல்லாம் அமைச்சர் கொண்டு வர்றது, அங்க அமைச்சரோ பிரசிடென்ட்டோ நேரா ஒரு மசோதாவும் போட முடியாது, எழுதி வெச்சுக்கிட்டு ஒரு உறுப்பினரைப் பிடிச்சுத்தான் போடச் சொல்லணும். வரி போடுற மசோதான்னா பிரதிநிதிகள் சபையிலதான் முதல்ல ஆரம்பிக்கணும். எண்ணூர் பையன் ஒஹையோ உறுப்பினரா இருந்தான், ஆத்துல அனுமதி இல்லாம கழிவு விடக்கூடாது, விட்டா அபராதம், ஊருங்க கழிவுநீர் சுத்திகரிப்பு கட்ட அரசாங்கம் பணம் தரணும்னு ரெண்டு பக்கம் எழுதிப் போட்டான்.

அதுக்கப்புறம் கமிட்டி. 13 பேர்ல 5 பேரைப் பிரிச்சு உக்கார வைங்க, அதுக்குத் தலைவர் பெரும்பான்மைக் கட்சி ஆளாத்தான் இருப்பாரு, அவர் எடுத்துக்கலைன்னா மசோதா டப்பாவுலயே கிடக்கும். நிஜத்துல பெரும்பாலான மசோதா இங்கதான் சாகுது. இங்கதான் அமைச்சரைக் கயிறுக்கு இந்தப் பக்கம் கூப்பிடலாம், நிதி அமைச்சரைக் கூப்பிட்டு எவ்வளவு செலவாகும்னு கேட்கலாம், அவர் தெரியாதுன்னு நழுவினா திரும்பக் கேட்கலாம், சம்மன் அனுப்பலாம். கேள்வி நேரம்னு சபையில கிடையாது, எல்லாக் கேள்வியும் கமிட்டியிலதான், அதனால கமிட்டிக்கு முழுசா முக்கால் மணி நேரம் ஒதுக்குங்க, குறைச்சுடாதீங்க.

சபையில பேசுற முறை ஒண்ணு இருக்கு. எதிர்ல இருக்கிறவனைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, நீன்னு சொல்லக் கூடாது, தலைமையில இருக்கிறவரைப் பாத்துத்தான் பேசணும், "வயோமிங் உறுப்பினர் சொன்னது"ன்னு சொல்லணும். நம்ம ஏரியா புள்ளைங்க டேய் போடாம பத்து நிமிஷம் பேசுறதே பெரிய பயிற்சி. ஏன் இவ்வளவு கண்டிப்புன்னு கேட்டா 1856ல செனட்ல நடந்ததைச் சொல்லுங்க, அடிமை முறைக்கு எதிராப் பேசின சார்லஸ் சம்னரை, பிரெஸ்டன் புரூக்ஸ்ங்கிற பிரதிநிதி கைத்தடியால மண்டையில அடிச்சு ரத்தக் காடாக்கிட்டாரு, சம்னர் பழையபடி வேலைக்குத் திரும்ப மூணு வருஷம் ஆச்சு.

பிரதிநிதிகள் சபையில நேரம் கறாரு, ஆளுக்கு ரெண்டு நிமிஷம்னு வைங்க. செனட்ல அப்படி இல்ல, எழுந்து நின்னு பேச ஆரம்பிச்சா உக்காராம வெளியில போகாம எவ்வளவு நேரம் வேணா பேசலாம். ஸ்ட்ராம் தர்மண்ட் 1957ல சிவில் உரிமை மசோதாவைத் தடுக்க 24 மணி 18 நிமிஷம் பேசினாரு, 2025ல கோரி புக்கர் 25 மணி 5 நிமிஷம் நின்னு அதைத் தாண்டினாரு. குடிக்கத் தண்ணி அல்லது பால் மட்டும்தான். இதை நிறுத்தணும்னா 100ல 60 ஓட்டு வேணும், உங்க ஆறுல நாலு. இந்த 60 மசோதாவுக்குத்தான், பட்ஜெட் சம்பந்தப்பட்ட சில மசோதாவுக்கும் நியமனத்துக்கும் தேவையில்ல. எங்க மாடியில ஒரு பொண்ணு 40 நிமிஷம் நின்னுச்சு, தண்ணி லாரி வர்ற நேரத்துலேர்ந்து ஆரம்பிச்சு அவங்க தெரு கதை பூரா சொல்லுச்சு, நான் சுண்டலுக்கு டைம் ஆச்சுன்னு நிறுத்த நினைச்சேன், பார்லிமென்டேரியன் பையன் நாலு ஓட்டு இல்லாம நிறுத்த முடியாதுண்ணான்னு என்னையே உக்கார வெச்சுட்டான்.

கட்சியை ரெண்டாப் பிரிச்சு உக்கார வைங்க, ஆனா கட்சி சொன்ன மாதிரிதான் ஓட்டு போடணும்னு இல்ல. புள்ளைங்க நம்பவே மாட்டாங்க. நம்ம ஊர்ல 1985லேர்ந்து கட்சித் தாவல் தடைச் சட்டம் இருக்கு, கொறடா உத்தரவை மீறினா பதவி போயிடும், 2017ல அந்தச் சட்டத்துல 18 எம்எல்ஏக்களைத் தகுதிநீக்கம் பண்ணப்போ பெரம்பூர் எம்எல்ஏவா இருந்த அதே வெற்றிவேலும் அதுல ஒருத்தர், 2019 இடைத்தேர்தல் வரைக்கும் தொகுதி காலியா இருந்தது. அங்க கொறடா உண்டு, கெஞ்சுவாரு மிரட்டுவாரு, ஆனா மீறினா சீட் போகாது. 2017 ஜூலையில ஜான் மெக்கெய்ன் நடுராத்திரி தாண்டி செனட் நடுவுல வந்து நின்னு கட்டை விரலைக் கீழ காட்டி தன் கட்சியோட மசோதாவையே 51க்கு 49ன்னு தோக்கடிச்சாரு, செனட்டராவேதான் தொடர்ந்தாரு. ஒருத்தரை வெளியேத்தணும்னா அந்த சபையிலயே மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வேணும், 2023 டிசம்பர் 1 அன்னிக்கு ஜார்ஜ் சாண்டோஸ்ங்கிற பிரதிநிதியை 311க்கு 114ன்னு வெளியேத்தினது அப்படித்தான்.

ரெண்டு சபையும் ஒரே வாசகத்தை நிறைவேத்தணும், ஒரு கமா மாறினாலும் திரும்பப் போகணும். அப்புறம் பிரசிடென்ட் மேசைக்கு. ஞாயிறு தவிர 10 நாள், நீங்க பத்து நிமிஷம்னு வைங்க. கையெழுத்து போடலாம், காரணம் எழுதித் திருப்பி அனுப்பலாம், சும்மாவே இருந்தா சபை நடந்துக்கிட்டு இருக்கிற வரைக்கும் தானா சட்டம் ஆயிடும், கூட்டம் முடிஞ்சு சபை கலைஞ்சு போயிருந்தா தானா செத்துடும். திருப்பி அனுப்பினா எந்த சபையில ஆரம்பிச்சதோ அங்க முதல்ல போகும், ஓட்டு போடுறவங்கள்ல மூணுல ரெண்டு பங்கு ரெண்டு சபையிலயும் வந்தா பிரசிடென்ட் கையெழுத்தே தேவையில்ல. 1972 அக்டோபர்ல நிக்சன் 24 பில்லியன் டாலர் செலவு தாங்காதுன்னு திருப்பி அனுப்பினாரு, அவர் நியமிச்ச சுற்றுச்சூழல் ஏஜென்சி தலைவர் வில்லியம் ரக்கல்ஷாஸே கையெழுத்து போடுங்கன்னு எழுதிக் குடுத்தும் கேக்கலை. மறு நாளே செனட்ல 52க்கு 12, பிரதிநிதிகள் சபையில 247க்கு 23.

பெரும்பாலும் ஆட்டத்தை இங்கயே முடிச்சுடுவாங்க, முடிக்காதீங்க, அமைச்சருங்க வேலையே இதுக்கப்புறம்தான். சட்டம் போட்டவன் ஒருத்தன், நடத்துறவன் இன்னொருத்தன், நடத்துறவன் நடத்தலைன்னா? நிக்சன் அதைத்தான் பண்ணாரு, சட்டம் வந்தாச்சு, பணத்தை முழுசா விடாதன்னு ஏஜென்சிக்குச் சொல்லிட்டாரு. நியூயார்க் நகரம் கோர்ட்டுக்குப் போச்சு, 1975ல சுப்ரீம் கோர்ட் முழுசா ஒதுக்கத்தான் வேணும்னு சொல்லிடுச்சு, நடுவுல 1974ல காங்கிரஸ் ஒதுக்கின பணத்தைப் பிரசிடென்ட் இஷ்டத்துக்கு நிறுத்தி வைக்க முடியாதுன்னு தனியா ஒரு சட்டமே போட்டாங்க. உங்க அமைச்சர் கையில ஒரு காகிதம் குடுங்க, ஒரு பக்கம் சட்டம் சொல்றது, மறு பக்கம் பிரசிடென்ட் சொல்றது, என்ன பண்ணுவேன்னு கேளுங்க. அவரைப் பிரசிடென்ட் எப்போ வேணா காரணம் சொல்லாம தூக்கலாம், 1926ல ஒரு போஸ்ட் மாஸ்டர் வழக்குல சுப்ரீம் கோர்ட் அந்த அதிகாரத்தை உறுதி பண்ணுச்சு. காங்கிரஸ் கிட்ட இருக்கிறது பதவி நீக்க விசாரணை, அதை இம்பீச்மென்ட்னு சொல்லுவாங்க. பிரதிநிதிகள் சபையில பாதிக்கு மேல ஓட்டு விழுந்தா குற்றச்சாட்டு, செனட்ல மூணுல ரெண்டு வந்தாத்தான் பதவி போகும். ரெண்டே அமைச்சருங்கதான் அதுல மாட்டியிருக்காங்க, 1876ல போர்த்துறை வில்லியம் பெல்க்னாப், 2024ல ஹோம்லேண்ட் செக்யூரிட்டி மயோர்காஸ் 214க்கு 213ன்னு, ரெண்டுமே செனட்ல நிக்கலை. நம்பிக்கையில்லாத் தீர்மானம்ங்கிறதே அங்க கிடையாது.

அன்பளிப்பு ரூலுக்கு சாக்லேட் வாங்கிக்கோங்க. பெரிய புள்ளை யாரையாவது லாபியிஸ்ட்டா, அதாவது கம்பெனிக்காக உறுப்பினருங்ககிட்டப் பேச வர்ற ஆளா அனுப்பி, ஓட்டுக்கு முன்னாடி ரகசியமா சாக்லேட் நீட்டச் சொல்லுங்க. பிரதிநிதிகள் சபை ரூல்படி லாபியிஸ்ட்கிட்ட பொதுவா எதுவுமே வாங்கக் கூடாது, மத்தவங்ககிட்ட 50 டாலருக்குக் கீழ, ஒரே ஆள்கிட்ட வருஷத்துக்கு 100 டாலருக்குக் கீழ. ஷேர் வாங்கினா வித்தா 45 நாளைக்குள்ள வெளியில சொல்லணும்னு 2012லேர்ந்து சட்டம். அமைச்சருங்க சொந்தக்காரனைத் தன் துறையில வேலைக்குப் போடக் கூடாது, அது 1967 சட்டம். சம்பளம் ஏத்திக்கிட்டா அடுத்த பிரதிநிதிகள் சபைத் தேர்தல் முடிஞ்சுதான் நடைமுறைக்கு வரும்ங்கிற திருத்தம் 1789ல எழுதினது, 1992லதான் நிறைவேறுச்சு, இப்போ 174,000 டாலர், 2009லேர்ந்து ஏறவே இல்ல. இன்டீரியர் அமைச்சரா இருந்த ஆல்பர்ட் ஃபால் எண்ணெய் கம்பெனிக்காரங்ககிட்டப் பணம் வாங்கிக்கிட்டு அரசாங்க எண்ணெய் நிலத்தைக் குத்தகைக்கு விட்டு 1931ல ஜெயிலுக்கே போனாரு. இதைச் சொன்னப்போ சாக்லேட் வாங்கின மூணு பேரும் திருப்பிக் குடுத்துட்டாங்க.

ரெண்டு ஞாயித்துக்கிழமை, தலா மூணு மணி நேரம் ஒதுக்குங்க, முதல் வாரம் சபாநாயகர், அமைச்சர் நியமனம், கமிட்டி, ரெண்டாவது வாரம் ஓட்டு, வீட்டோ அதாவது பிரசிடென்ட் திருப்பி அனுப்புறது, அதுக்கப்புறம் அமைச்சருங்க சட்டத்தை நடத்துற வேலை. ஓட்டு எப்பவும் ஒவ்வொருத்தரா பேர் கூப்பிட்டு எழுந்து நின்னு சொல்ற மாதிரியே வைங்க, கை தூக்கினா பக்கத்துல இருக்கிறவனைப் பாத்துத் தூக்கிடுறாங்க.

கடைசியா நடத்தினப்போ எண்ணூர் பையன் மசோதா பிரதிநிதிகள் சபையில 9க்கு 4, செனட்ல 4க்கு 2ன்னு பாஸ் ஆச்சு. பிரசிடென்ட் பொண்ணு பணம் எங்கேர்ந்து வரும்னு நீங்க எழுதவே இல்லையேன்னு ஒரு பக்கம் எழுதித் திருப்பி அனுப்பிடுச்சு, நல்லாவே எழுதியிருந்தது. திரும்ப ஓட்டு, 13ல 9 வேணும், 8தான் வந்தது, கலிஃபோர்னியா பொண்ணு ஒண்ணு பிரசிடென்ட் எழுதினதைப் படிச்சுட்டு மாறிடுச்சு. செனட்டுக்குப் போகவே இல்ல, அங்கயே முடிஞ்சுது. அவன் கொஞ்ச நேரம் மாடிச் சுவத்துல சாஞ்சு நின்னான், நான் எதுவும் சொல்லலை. சுண்டல் முடிஞ்சு எல்லாரும் பாயைச் சுருட்டிக்கிட்டு இருக்கும்போது புது பேப்பர்ல புது நம்பர் போட்டு, செலவுல எவ்வளவு அரசாங்கம் எவ்வளவு கழிவு விடுற கம்பெனின்னு ஒரு பத்தி சேர்த்து எழுதிட்டு நேரா அந்தப் பொண்ணுகிட்டப் போய் "நீயும் சேந்து கையெழுத்து போடுறியா"ன்னு கேட்டான். அவ படிச்சுப் பாத்துட்டு கம்பெனி பங்கை இன்னும் ஏத்தச் சொன்னா. ரெண்டு பேரும் படிக்கட்டுல உக்காந்து அடிச்சுத் திருத்தி எழுதி, போகும்போது பிஸ்கட் டப்பாவுல போட்டுட்டுப் போனாங்க.